நட்டவனுக்கு மரத்துல பங்கு வேணும்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

மழைக்காலம் வந்தா மரக்கன்னு நடற போட்டோ உங்க பேப்பர்ல தினம் வருது, சந்தோஷம்தான், ஆனா நட்ட மரம் யாருக்குச் சொந்தம்னு யாரும் கேக்கறதில்ல.

எங்க நைனா குடியாத்தம் பக்கம் 2 ஏக்கர் மேட்டு நிலம் குத்தகைக்கு எடுத்து 60 ஒட்டு மாங்கன்னு வெச்சாரு, பெங்களூராவும் செந்தூராவும். போர்வெல் கிடையாது. ஒவ்வொரு கன்னு பக்கத்துலயும் அடியில ஓட்டை போட்டு துணித்திரி சொருகின மண்பானைய புதைச்சு, நானும் அம்மாவும் தூரத்துக் கெணத்துலருந்து குடம் குடமா தூக்கினு போய் ரொப்புவோம், சித்திரை வெயில்ல கூட ஒரு கன்னு வாடல. அஞ்சாவது வருஷம் நல்லா பூ எடுத்துச்சு, அந்த வருஷமே நிலத்துக்காரர் நிலத்த திருப்பிக் கேட்டுட்டாரு. மரத்துக்குன்னு ஒத்த ரூபா வரல, பத்திரம் ஏது, எல்லாம் வாய்ப்பேச்சுதான். அதுக்கப்புறம் நைனா குத்தகை நிலத்துல வேர்க்கடலை தவிர ஒண்ணும் போட்டதில்ல.

என் பொண்ணு அயர்லாந்துல நர்ஸா இருக்கா. அங்க போனப்போ விக்லோ கவுன்ட்டியில (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி) அவொண்டேல்னு ஒரு பழைய எஸ்டேட்டுக்கு கூட்டினு போனா, சாமுவேல் ஹேய்ஸ்னு ஒருத்தர் 1700கள்ல மரமா நட்டு வளர்த்த இடம். அப்போ அந்த நாட்டுல காட்ட எல்லாம் வெட்டித் தீத்துட்டு மரத்துக்கு அல்லாடினு இருந்தாங்க. விவசாயத்த வளர்க்க இருந்த டப்ளின் சொசைட்டிங்கற சங்கம் மரம் நட்டவங்களுக்கு பரிசே குடுத்துச்சு. ஆனா என் மனசுல நின்னது 1765ல அந்த நாட்டு பார்லிமென்ட் போட்ட சட்டம்தான். அதுவரைக்கும் குத்தகைக்காரன் நட்டாலும் மரம் முழுசா அவனுக்கு கிடையாது, அப்புறம் எவன் நடுவான்? புதுச் சட்டப்படி, என்ன மரம், எத்தனைன்னு சத்தியம் பண்ணி எழுதி கவுன்ட்டியில பதிஞ்சுட்டா, குத்தகை முடியறப்போ அந்த மரமோ அதோட விலையோ நட்டவனுக்கு. ஓக்கு, ஆஷ்னு எண்ணி எழுதின ரிஜிஸ்டர் சில கவுன்ட்டியில இன்னிக்கும் பத்திரமா இருக்கு.

250 வருஷம் முன்னாடியே அவங்களால முடிஞ்சுது. நம்ம அரசாங்கம் 33 சதவீதம் பசுமை வேணும்னு சொல்லுது, வேலூர் மாவட்டத்துல குத்தகைக்கு உழறவங்க எத்தனை பேரு, அவங்க கை வெக்காம அது எப்படி வரும்? புறம்போக்குல இருக்கற மரத்த அனுபவிக்கற உரிமைக்கு 2சி பட்டா குடுக்கற வழக்கம் நம்மகிட்ட ஏற்கெனவே இருக்குதே. அதே மாதிரி குத்தகை நிலத்து மரத்தையும் விஏஓ நேர்ல வந்து எண்ணி, நட்டவன் பேரு, நட்ட வருஷம், ரெண்டு பேர் கையெழுத்தோட கணக்குல ஏத்தணும், நிலத்த திருப்பி வாங்கறவங்க அதுக்குண்டான விலைய குடுத்துட்டு வாங்கணும். கலெக்டர் அய்யா இத ஒரு தடவ யோசிக்கணும்னு உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
குடியாத்தம் வாசகர்