எல்லாப் பாடங்களிலும் வௌவால்: கம்பம் பள்ளத்தாக்குப் பள்ளிகளுக்காக ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல் போட்டிருக்கும் வீட்டுப் பிள்ளையிடம் வௌவாலைப் பற்றிக் கேட்டால், அது பழம் தின்ன வருவது, வலை கட்டித் தடுக்க வேண்டியது என்ற விடைதான் கிடைக்கும். அந்த விடையில் பொய் இல்லை. பழுத்த பந்தலில் ஓர் இரவுக்குள் நேரும் இழப்பை எங்களுள் பலர் கண்டிருக்கிறோம். ஆனால் போடிப் பக்கத்து இலவந்தோப்புகளில் இரவில் மலரும் பூக்களுக்குத் தேனுண்ண வந்து மகரந்தம் சேர்ப்பவையும் இதே பழந்தின்னி வௌவால்கள்தாம் என்பதை அப்பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து எழுதியிருக்கும் செய்தி இது. இங்குள்ள வகுப்பறைகளுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

சின்னமனூர், உத்தமபாளையம் பகுதிகளின் 12 பள்ளிகளைச் சேர்ந்த ஆசிரியர்களும் பெற்றோர்களும் கொண்ட எங்கள் குழு, வரும் கல்வியாண்டில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில், தனிப்பாடமாக அல்லாமல் வழக்கமான பாடவேளைகளுக்குள்ளேயே வௌவாலையும் அதன் வாழிடங்களையும் கற்பிக்கத் திட்டமிட்டுள்ளது. ஒருநாள் விழாவாக நடத்திவிடலாம் என்ற யோசனையும் வந்தது. விழாவில் பிள்ளைகள் முகமூடி அணிந்து மகிழ்வார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள் என்பதால் அதை ஏற்கவில்லை.

இப்பகுதியில் இதைச் செய்வதற்குத் தனிக் காரணம் உண்டு. நம் தலைக்கு மேல் நிற்கும் மேகமலையில் 1948ஆம் ஆண்டு ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டத்துரை பிடித்தனுப்பிய ஒரு வௌவால், சாதாரணக் குறுமூக்குப் பழந்தின்னி எனத் தவறாகக் குறிக்கப்பட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் கிடந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதை ஆராய்ந்து, வால் இல்லாத அந்த உயிர் புதிய பேரினம் என்று 1972இல் அறிவித்து, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். உலகில் மிகச் சில இடங்களிலேயே காணப்படும் அவ்வௌவாலின் முதல் முகவரி நம் மாவட்டம் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

பாடங்களுக்கு வருவோம். கணக்கு வகுப்பில், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும் என்றால், பூச்சியுண்ணும் வௌவால் எழுப்பிய ஒலி நொடியின் நூறில் ஒரு பங்கில் திரும்பி வரும்போது பூச்சி எவ்வளவு தொலைவில் இருக்கும் என்று மாணவர்கள் கண்டறிவார்கள். போய்வந்த வழியைப் பாதியாக்க மறக்காதவர்களுக்கு விடை சுமார் 1.7 மீட்டர். அறிவியலில் தம் கை எலும்புகளுக்குப் பக்கத்தில் வௌவாலின் இறக்கையை வரைந்து, நீண்ட நான்கு விரல்களுக்கிடையே தோல் விரிந்திருப்பதைக் காண்பார்கள். தமிழ் வகுப்புக்குக் குறுந்தொகையின் 352ஆம் பாடல் இருக்கிறது: ஆம்பல் இலையின் புறத்தைப் போன்ற மெல்லிய சிறகும் கூரிய நகமும் கொண்ட வௌவால், பகலில் தங்கிய முதுமரம் தனித்திருக்கப் பலா நிற்கும் மலைச்சாரலை நோக்கி மாலையில் பறப்பதை இவ்வளவு துல்லியமாகப் பார்த்தவர் எழுதியதை, உரையை மனப்பாடம் செய்யவைத்து வீணாக்கக் கூடாது என்பது எங்கள் தமிழாசிரியர்களின் கருத்து. சமூக அறிவியலில் சட்டம் வரும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காகத்தோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியலையே நீக்கியது. உழவர் நலனும் உயிரினப் பாதுகாப்பும் மோதும் இந்த இடத்தில் பிள்ளைகள் தம் வீட்டுப் பெரியவர்களிடமே கேட்டு எழுதி வருவார்கள்.

பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பரவக்கூடிய நிபா வைரஸ் நோயைப் பற்றிப் பெற்றோர் கேட்பது நியாயம். கோழிக்கோட்டில் 2018இல் நிகழ்ந்ததை எல்லையோரத்தில் வாழும் நாம் மறக்க முடியாது. கடிபட்ட பழத்தை உண்ணாதிருத்தல், விழுந்து கிடக்கும் வௌவாலைத் தொடாதிருத்தல் ஆகியவை முதல் பாடத்திலேயே இடம்பெறும். பிள்ளைகளைக் குகைக்கோ மேகமலைக் காட்டுக்கோ அழைத்துச் செல்ல மாட்டோம். ஊரருகே வௌவால்கள் பகலில் அடையும் மரத்தைத் தொலைவிலிருந்து மட்டுமே காட்டுவோம்.

இதற்கு 2,40,000 ரூபாய் தேவை. ஆசிரியர் கையேடும் மாணவர் பயிற்சி ஏடும் அச்சிட 90,000. நம் காதுக்கு எட்டாத வௌவால் ஒலியைக் கேட்கும் ஒலியாக மாற்றித் தரும் கருவிகள் மூன்று வாங்க 60,000. மாலை நேரப் பயணங்களுக்கு வேன் வாடகை 50,000. ஆசிரியர் பயிற்சிக்கு 40,000. கருவிகள் பள்ளிக்குப் பள்ளி சுற்றி வரும். வேன் வைத்திருப்போர் ஒரு மாலைக்கு அதை இலவசமாகத் தந்தாலும், பயன்படுத்தாத இருகண் நோக்கியை அளித்தாலும் நன்கொடையாகவே ஏற்போம்.

திராட்சை உழவர்களுக்கு எதிரான இயக்கம் இதுவன்று. குழுவிலேயே பந்தல் வைத்திருப்போர் இருக்கிறார்கள். வருமான வரிச் சலுகைக்கான சான்று எங்களிடம் இல்லை என்பதையும் முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம். பணத்தைத் தலைமையாசிரியர் அறையில் செலுத்தி, எண்ணிட்ட ரசீதைப் பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவு ஒவ்வொரு பருவ முடிவிலும் எல்லாப் பள்ளி அறிவிப்புப் பலகைகளிலும் ஒட்டப்படும். கையேடு ஜூன் மாதத்துக்குள் அச்சேற வேண்டியிருப்பதால், இயன்றவர்கள் ஏப்ரல் இறுதிக்குள் உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர் பெற்றோர் கூட்டுக் குழுவினர்