மணி மேல் தப்பே இல்லை

அன்புத் தங்கைக்கு,

சனிக்கிழமை நாய்களின் மோப்பப் போட்டி முடிந்ததும் காருக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாய். உன் நாய் மணி உன் மடியில் தலையை வைத்திருந்தான். அப்போது எதுவும் சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒளித்துவைத்த வாசனையைத் தேடும் சுற்றுகளில் பெட்டி, அறை, வெளிப்புறம் மூன்றையும் அழகாக முடித்துவிட்டு, கடைசியில் வாகனத் தேடலில் நடுவர் ‘நோ’ என்றால் யாருக்குத்தான் தாங்கும்? நான்கிலும் பிழையில்லாமல் வந்தால்தான் அன்றைக்குப் பட்டம். ஆனால் நேரம் குறிக்கும் வேலையில் நான் நடுவருக்குப் பக்கத்திலேயே நின்றேன். நீ பார்க்காததைப் பார்த்தேன்.

நீல வேனின் முன்சக்கரத்தைத் தாண்டும்போது மணி சட்டென்று தலையைத் திருப்பினான். தொங்கிய நாக்கு உள்ளே போய் வாய் மூடிக்கொண்டது. மூச்சு சர்சர்ரென்று வேகமானது. காற்று வந்த திசையில், பக்கத்துக் காரை நோக்கிக் கிளம்பினான். நீ நகரவில்லை. வேன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றதில் கயிறு இறுகிவிட்டது. அவன் திரும்பி வந்தான், கதவை மோந்தான், உன் முகத்தைப் பார்த்தான். வாசனை இங்கேதான் என்று நடுவருக்கு அறிவிக்க, நீ ‘அலர்ட்’ என்றாய். ஆனால் அவன் தேடவேண்டிய, பர்ச் மரத்து எண்ணெய் தொட்ட பஞ்சு பக்கத்துக் காரின் பம்பருக்கு அடியில் இருந்தது.

நம் ஊர்ச் சுளுக்குத் தைலத்தின் அதே வாசனைதான் அது. காற்றடித்தால் எங்கெங்கோ போய்த் தேங்கும். அதை அவன் சரியாகவே பிடித்தான்.

இது உனக்கு மட்டும் நடப்பதில்லை. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2011ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தேர்ச்சி பெற்ற 18 மோப்ப நாய்களை, அவற்றை நடத்துபவர்களோடு ஒரு தேவாலயத்தில் தேடவிட்டார்கள். சிவப்புக் காகிதம் இருக்கும் இடத்தில் பொருள் இருக்கிறது என்று நடத்துபவர்களிடம் சொல்லிவைத்தார்கள். உண்மையில் அங்கே எங்குமே எதுவும் ஒளிக்கப்படவில்லை. ஆனாலும் 144 தேடல்களில் 21 மட்டுமே தவறான அறிவிப்பு இல்லாமல் முடிந்தன. தொழிலாகவே செய்கிறவர்களுக்கே இப்படி!

‘இனி இவனை அழைத்துவர மாட்டேன்’ என்றாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த விளையாட்டை 2006ல் தென் கலிபோர்னியாவில் ரான் காண்ட், ஏமி ஹெரோட், ஜில் மேரி ஓ'பிரையன் மூவரும் தொடங்கினார்கள். இதில் ஒரு நேரத்தில் ஒரு நாய்தான் தேடும், மற்றவை காரில் காத்திருக்கும். வேறு நாயைக் கண்டாலே நடுங்கும் மணிக்கு இதைவிட நல்ல இடம் எது, சொல். அன்று காரிலிருந்து இறங்கியவுடன் வாலைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினானே, போன வருஷம் அவனை அப்படிப் பார்த்திருக்கிறாயா?

சரி, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வா. வாசனைப் பஞ்சு வைத்த டப்பாவை என் கணவர் ஒளித்து வைப்பார். எங்கே என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே நட, அது போதும். வேகவைத்த கோழி நான் எடுத்துவைக்கிறேன். நீ மணியை மட்டும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
அக்கா