குதிரை ஏறாதவனுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

ஜெய்ப்பூரில் குளிர்காலத்தில் நடக்கும் சர் பிரதாப் சிங் கோப்பைக்கான, குதிரைமேல் அமர்ந்து மட்டையால் பந்தடிக்கும் போலோ ஆட்டம் பற்றி எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு நான் எழுதிய கட்டுரை அச்சேறிவிட்டது. அதன் கீழே என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அது மனதை உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, மைதானத்தின் ஓரத்தில் குதிரைகளைக் கவனித்துக்கொள்ளும் பெரியவருக்கு. ஒரு சக்கர், அதாவது ஆட்டத்தின் ஒரு சுற்று, ஏழு நிமிடம். அது முடிந்ததும் ஆட்டக்காரர் வேறு குதிரைக்கு மாறிப் போய்விடுவார். வியர்த்துக் கொட்டி நிற்கும் குதிரையை மெல்ல நடத்தி நடத்தி ஆற்றுவது பெரியவரின் வேலை. அப்படி நடக்கும்போதெல்லாம் நானும் கூடவே நடந்தேன். மட்டையில் சிக்காமலிருக்கத்தான் வாலைப் பின்னிக் கட்டுகிறார்கள் என்பதில் தொடங்கி எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். ஜோத்பூர் இருக்கும் மார்வார் பகுதிக்காரர். சர் பிரதாப்பின் பேச்சை எடுத்தாலே முகம் மலர்ந்துவிடும்.

1845-இல் ஜோத்பூர் அரச குடும்பத்தில் பிறந்த பிரதாப் சிங், நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் போலோவைக் கையிலெடுத்தார். குதிரைப்படையை உருவாக்க 1889-இல் வந்த ஸ்டூவர்ட் பீட்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி மூலம் ஆட்டம் ஜோத்பூருக்கு அறிமுகமானது. எட்டே ஆண்டுகளில், 1897-இல், விக்டோரியாவின் வைரவிழாவுக்குத் தன் அணியோடு இங்கிலாந்துக்கே போய்விட்டார் பிரதாப்! இன்று உலகமே ‘ஜோத்பூர்’ என்று சொல்லும் குதிரையேற்றக் கால்சட்டையும் அவரால் பரவியதுதான்.

அடுத்து, ஓய்வுபெற்ற குதிரைப்படை வீரர் ஒருவர். 1922 பிப்ரவரியில் தில்லியில் வேல்ஸ் இளவரசர் முன்னிலையில் ஜோத்பூர், பாட்டியாலாவை வென்றது. பிருதி சிங், ஹனுத் சிங், ராம் சிங், தல்பத் சிங் என்று அந்த அணியைப் பட்டியலிட்ட நான், தல்பத் சிங்கை, முதல் உலகப்போரில் ஹைஃபா நகரைப் பிடித்த சண்டையில் புகழ்பெற்ற ‘ஹைஃபா வீரர்’ என்று எழுதிவிட்டேன். வரைவைப் படித்துவிட்டு அந்த ஓய்வுபெற்ற வீரர் இரவு பத்து மணிக்கு அழைத்தார். “தம்பி, ஹைஃபாவில் 1918-இல் உயிர்விட்டவர் 1922-இல் எப்படி ஆடுவார்? இவர் ரோஹட் என்ற ஊரைச் சேர்ந்த வேறொரு தல்பத் சிங்.” ஐயா, அன்று நீங்கள் அழைக்காமல் இருந்திருந்தால் ஒரு மாவீரரையும் ஓர் ஆட்டக்காரரையும் ஒருசேர அவமதித்திருப்பேன். அந்த வெற்றியைக் கண்ட பிரதாப் சிங் அதே ஆண்டு செப்டம்பரில் காலமானார் என்பதை நினைத்தால், அந்த ஆட்டத்தில் பிழை நேராதது எனக்குப் பெரிய ஆறுதல்.

பழைய செய்தித்தாள் கட்டுகளைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்த நூலகச் சகோதரிக்கும், ஹேண்டிகேப் என்ற, ஆட்டக்காரரின் திறமைக்குத் தரும் மதிப்பெண் கணக்கைப் பொறுமையாகப் புரியவைத்த கால்நடை மருத்துவருக்கும் மனமார்ந்த நன்றி.

மலர் வந்ததும் பெரியவரிடம் கொண்டுபோய், ஒவ்வொரு வரியாக இந்தியில் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “எல்லார் பெயரும் இருக்கிறது. குதிரைகளின் பெயர் எங்கே?” என்றார். ஒன்றுகூட நான் எழுதவில்லை. இப்போது தேடத் தொடங்கியிருக்கிறேன். அந்த 1922 ஆட்டத்தைப் பற்றிய பழைய படமோ குறிப்போ யார் வீட்டிலாவது இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். அவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும்.