ஏ-9 வீதியை விட்டு ஒருக்கால் திரும்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் மாங்குளத்தில் வாடகைக்கு வான் ஓட்டுகிறேன். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கண்டி-யாழ்ப்பாணம் ஏ-9 வீதியால் வருகிற எங்கடை ஆட்கள் வவுனியா தாண்டியதும் கேட்பது ஒன்றுதான்: "யாழ்ப்பாணம் போக இன்னும் எவ்வளவு நேரம் செல்லும்?" முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்துக் கச்சான் வாங்கினால் அவர்களுக்கு வன்னி முடிந்துவிடும். பிள்ளைகளுக்குக் காட்ட இங்கே ஒன்றுமில்லை என்று என் காதுபடச் சொல்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

மாங்குளம் சந்தியில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பிப் பாருங்கள். ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடு. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனை 1803 ஒக்ரோபர் 31இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் இவ்விடத்தருகே தோற்கடித்தார் என்று வெள்ளையர் அங்கே ஆங்கிலத்தில் கல் வெட்டி நட்டார்கள். அதே ஆண்டு ஓகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையை அடித்துப் பிடித்ததைப் பற்றி அந்தக் கல்லில் ஒரு சொல் இல்லை. வென்றவன் தன் கதையைத்தான் எழுதுவான். மற்றப் பாதியைப் பிள்ளைகளுக்கு நாங்கள்தான் சொல்ல வேண்டும். இன்னும் கொஞ்சம் போனால் முள்ளியவளை, வற்றாப்பளை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும் பக்கம் அது.

கிளிநொச்சியைக் கடைத்தெருவோடு விட்டுவிடாதீர்கள். இரணைமடுக் குள வேலை 1902இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் சனம் பெருகி வேலையும் இல்லாமல் போனபோது, 1936இல் இங்கே குடியேற்றம் திறந்தார்கள். உருத்திரபுரப் பக்கம் பாசன வாய்க்காலின் இலக்கத்தை வைத்து எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்றே இன்றும் இடம் சொல்லுவோம். போன ஆவணியில் கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்துக் குடும்பமொன்றை அங்கே கூட்டிப்போனேன். அவர்கள் இருக்கும் புல்வெளிப் பக்கத்திலும், ரயில் பாதை போட்ட கொம்பனி ஸ்டேஷன்களுக்கு ஆங்கில அரிச்சுவடி வரிசையில் பெயர் வைத்துக்கொண்டே போனதாம். அப்படி முளைத்த சின்ன ஊர்களில் பழைய ஸ்டேஷனை ஊராரே நூதனசாலையாக வைத்திருக்கிறார்களாம். அவற்றைப் பார்க்கவே சனி, ஞாயிறுகளில் காரில் கிளம்பிவிடுவார்களாம். அதனால்தானோ என்னவோ, வாய்க்கால் கட்டில் மாடு கட்டிக்கொண்டு நின்ற ஒரு ஆச்சியைக் கண்டதும் வானை நிற்பாட்டச் சொன்னார்கள். ஆச்சி, தகப்பன் காடு வெட்ட வந்ததையும் மலேரியாக் காய்ச்சலில் தம்பியைப் பறிகொடுத்ததையும், இரவில் யானை கலைக்கத் தகரம் அடித்ததையும் சொல்லச் சொல்ல, அந்தக் குடும்பத்துப் பிள்ளை போனில் பதிந்துகொண்டே நின்றது. ஒரு மணித்தியாலம் அசையவில்லை.

இப்படிப் பேசக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆகவே எங்கள் பிரதேச சபைகளைக் கேட்கிறேன்: ஒவ்வொரு சந்தியிலும், இந்தக் குளத்தை யார் கட்டியது, இந்த ஊருக்கு யார் எப்போது வந்தார்கள் என்று மூன்று மொழியிலும் ஒரு பலகை வையுங்கள். அதில் போடும் விபரத்தை அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே வயதானவர்களிடம் கேட்டு எழுதட்டும்.

வாசகர்களுக்கும் ஒன்று. யாழ்ப்பாணத்தால் திரும்பும்போது சங்குப்பிட்டிப் பாலத்தால் வாருங்கள். பூநகரியில் ஒல்லாந்தர் கோட்டை நிற்கிறது. அங்கிருந்து பரந்தனுக்கு ஏறி ஏ-9ஐப் பிடிக்கலாம். ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டு, சாரதியிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

ஒரு வான் சாரதி,
மாங்குளம்.