சேட்டையல்ல, சட்டை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கமுங்க. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தப் பருவத்தில் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அது எங்கெங்கே போய் ஒட்டியிருக்கிறது என்று கண்காட்சி வைக்கிறார்கள். சொல், ‘ஹார்லெக்வின்’. வீட்டுக்கு வந்து துண்டுத் துணி கொடு, டம்ளர் கொடு என்று கேட்பார்கள். எதற்கென்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்தச் சொல்லைப் பிள்ளைகள் செல்போனில் தனியாகத் தேட விடாதீர்கள். கோமாளிப் படங்களோடு, கடுமையான தோல் நோயோடு பிறந்த பச்சைக் குழந்தைகளின் படங்களும் வரும். பெரியவர்களுக்கே மனம் கலங்கும். தேவையான படங்களைப் பள்ளியிலேயே அச்சிட்டுக் கொடுக்கிறோம். அந்த நோயைப் பற்றிக் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

ஹார்லெக்வின் ஓர் இத்தாலிய நாடகக் கோமாளி. அந்த ஊரில் அர்லெக்கீனோ. எழுதி வைத்த வசனம் இல்லாமல், கதைச் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஆடிய குழுக்களில் இவன் வேலைக்காரன். எந்நேரமும் பசி, துள்ளல், குட்டிக்கரணம், முகத்தில் கறுப்புத் தோல் முகமூடி. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வேடத்துக்குப் பேர் வாங்கித் தந்தவர் திரிஸ்தானோ மார்தினெல்லி என்ற நடிகர். பெயர் அதற்கும் பழையது. இரவில் பேய்ப்படையை ஓட்டிக்கொண்டு போகும் எல்லெக்கென் என்ற பிரெஞ்சு நாட்டுப்புறச் சாத்தானிடமிருந்து வந்தது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். ஆரம்பத்தில் இவன் உடுப்பு, கிடைத்த துணியெல்லாம் வைத்து ஒட்டுப்போட்ட கந்தல். 17-ஆம் நூற்றாண்டில்தான் அந்த ஒட்டுகள் ஒழுங்குக்கு வந்து சாய்சதுரங்கள் ஆயின.

அகராதியைத் திறந்தால் ‘கோமாளி’ என்று போட்டு முடித்துவிடும். பிள்ளைகள் இடறுவது அங்கேதான். ஹார்லெக்வின் ரஸ்போரா என்ற நன்னீர் மீனைக் ‘கோமாளி மீன்’ என்று எழுதினால், கடலில் கடற்சாமந்திக்குள் குடியிருக்கும் ஆரஞ்சு மீன் என்று பொருளாகிவிடும். அந்தப் பெயர் ஏற்கெனவே அதற்குப் போய்விட்டது. பெயர் வைத்தவர்கள் பெரும்பாலும் பார்த்தது கோமாளியின் சேட்டையை அல்ல, சட்டையை. கிரேட் டேன் நாயில் வெள்ளை உடம்பின்மேல் கிழித்து ஒட்டினாற்போலக் கறுப்புத் திட்டு இருந்தால் அது ஹார்லெக்வின். ஓப்பல் கல்லில் நிறங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அதற்கும் இதே பெயர். சாம்பல் நீல உடம்பில் வெள்ளைப் பட்டையும் செம்பழுப்பு விலாவும் கொண்ட வாத்துக்கும் இதுதான். அதன் லத்தீன் பெயர் ‘இஸ்ட்ரியோனிகஸ்’ கூட நடிகன் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆகவே காட்சிப்பொருள் ஒவ்வொன்றின் விளக்க அட்டையிலும் பிள்ளைகள் ‘பெயர் வைத்தவர் எதைப் பார்த்தார்?’ என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுத வேண்டும். மதிப்பெண் அந்த வரிக்கு மட்டும்தான். அட்டை எவ்வளவு பளபளப்பு என்பதற்கு இல்லை.

இனி, கண்காட்சிக்குத் தைக்கும் ஹார்லெக்வின் சட்டை. வாடகைக் கடையில் கோமாளி உடுப்பு எடுக்க வேண்டாம். திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு துணிக்குக் காசு கொடுப்பானேன்? ஒரு பழைய சட்டையின் முன்பக்கத்துக்கு 70 முதல் 80 துண்டுகள் போதும். கால் கிலோ கட்டிங் வேஸ்ட்டில், சேதாரம் போகத் தேறிவிடும். அச்சு எடுக்கக் கல்யாணப் பத்திரிகை அட்டை நல்லது. 7 செ.மீ. கோடு ஒன்று போடுங்கள். காம்பஸில் அதே 7 செ.மீ. வைத்து, இரு முனைகளிலிருந்தும் கோட்டுக்கு மேலும் கீழும் வில் வெட்டுங்கள். வில்கள் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளையும் கோட்டின் இரு முனைகளோடு சேர்த்தால் நான்கு பக்கமும் 7 செ.மீ. உள்ள சாய்சதுரம், உயரம் 12 செ.மீ.க்குச் சற்றுக் கூட. தையலுக்கு நான்கு புறமும் 1 செ.மீ. விட்டு வெட்டுங்கள்.

கெடுவது மூன்று இடங்களில். பனியன் துணியில் சிங்கிள் ஜெர்ஸி என்ற மெல்லிய ரகம் வெட்டியதும் ஓரம் சுருண்டுகொள்ளும். துண்டு சிறிதாக ஆக ஊசிக்கே அடங்காது. இருபுறமும் ஒன்றுபோல் இருக்கும் இன்டர்லாக் துண்டு சுருளாது, அதைப் பொறுக்குங்கள். சிங்கிள் ஜெர்ஸிதான் இருக்கிறதென்றால், அயர்ன் செய்தால் ஒட்டும் கேன்வாஸைப் பின்னால் ஒட்டிவிட்டு அப்புறம் வெட்டுங்கள். நெய்த துணியாக இருந்தால், சாய்சதுரத்தின் ஒரு பக்கத்தைப் பாவு நூலோடு சேர்த்து வையுங்கள். உச்சி முனையை நூலோடு வைத்தால் நான்கு பக்கமும் கிராஸ் வெட்டாகி, தைக்கும்போது இழுபட்டு நெளியும். மூன்றாவது, தையல் அளவு. ஒரு துண்டுக்கு 2 மி.மீ. பிசகினால், ஏழு துண்டு தாண்டும்போது ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. தள்ளிப்போய் முனைகள் சேராது. அளவைத் தையல் மெஷின் தட்டில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

சாய்ந்த வரிசைகளாக முதலில் தைத்து, பிறகு வரிசைகளை இணையுங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம் வைத்து, ஒவ்வொரு வரிசையையும் ஒரு நிறம் தள்ளித் தொடங்கினால் ஒரே நிறம் பக்கத்தில் பக்கம் ஒட்டாது. தள்ளும் திசையைப் பொறுத்து நிறம் குறுக்காகவோ நெடுக்காகவோ ஓடும்; குட்டைப் பிள்ளைக்கு நெடுக்காக ஓடினால் எடுப்பு. சிவப்புத் துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால், தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசாமல் தைக்காதீர்கள்.

சேட்டையிலிருந்து வந்த பெயர்களும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், மூடியிருக்கும்போது சாதுவாக நின்று, திறந்தால் உள்ளிருந்து அறைகளை மேலே எழுப்பும் மேசையை ஹார்லெக்வின் மேசை என்றார்கள். அவன் கையிலிருந்த கழி இன்னொன்று. அடித்தால் வலிக்காமல் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கும் அந்தக் கழியிலிருந்துதான் அடிதடி நகைச்சுவைக்கு ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்ற பெயர் வந்தது. கைவினை வகுப்பில் செய்கிறோம்: 45 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 5 மி.மீ. கனத்தில் இரண்டு பட்டைகள். கைப்பிடிப் பக்கம் 10 செ.மீ.க்கு நடுவில் 5 மி.மீ. கட்டை வைத்து இறுகக் கட்ட வேண்டும். இடைவெளி கூடினால் பட்டைகள் ஒன்றோடொன்று மோதாது, குறைந்தால் சத்தம் மந்தம். மேசையைத் தவிர வேறெதையும் அடிக்கக் கூடாது; பட்டைகளுக்கு நடுவில் விரல் போகக் கூடாது. கழி பள்ளியிலேயே இருக்கும், வீட்டுக்கு வராது.

ஹார்லெக்வின் ரஸ்போரா மீன் வாங்கித் தர வேண்டாம். 60 செ.மீ. தொட்டியில் எட்டு மீன்கள் பள்ளியில் விடுகிறோம். உடம்பின் பின்பாதியில் கறுப்பு முக்கோணம் உள்ள, 5 செ.மீ.க்கு மேல் வளராத மீன். மலேயாவும் சுமத்ராவும் அதன் சொந்த இடம், மென்னீருக்கு, அதாவது உப்புக் குறைந்த தண்ணீருக்குப் பழகியது. நம் போர் தண்ணீர் அதற்கு உப்பு அதிகம். மழைத்தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பாதி கலக்க வேண்டும். ஃபில்டர் ஓடி மூன்று நான்கு வாரம் ஆகாத தொட்டியில் விட்டால், கழிவிலிருந்து சேரும் அம்மோனியாவில் மீன் செத்துப்போகும். கண்காட்சிக்கு முந்தின நாள் வாங்கி விடுவது கொலைதான்.

வண்டு பிடித்து வர வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். ஹார்லெக்வின் பொறிவண்டு கிழக்காசியாவைச் சேர்ந்தது. செடியின் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னட்டும் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கொண்டுபோய் விட்டார்கள். அது அங்குள்ள பொறிவண்டுகளின் முட்டையையும் புழுவையும் சேர்த்துத் தின்றது. நம் அவரையிலும் தட்டைப்பயறிலும் நெளிகோடு போட்டுத் திரிவது வேறு வண்டு, நமக்கு வேலை செய்வது. செடியிலேயே இருக்கட்டும்.

டம்ளர் விஷயம் இதுதான். ஜோடி சேராத, ஆனால் பார்க்க ஒன்றுபோல் இருக்கும் கோப்பைகளையோ நாற்காலிகளையோ சேர்த்து வைத்தால் அதற்கு ஹார்லெக்வின் செட் என்று பெயர். நம் வீடுகளில் சீர் வந்த எவர்சில்வர் டம்ளர் அத்தனையும் அந்த ரகம்: ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு ஊர். ஒரு வீட்டுக்கு ஒன்று போதும். பெயர் வெட்டியதாக இருக்கட்டும். அடியில் டேப் ஒட்டிப் பிள்ளையின் பெயரும் வகுப்பும் எழுதி அனுப்புங்கள். வெள்ளி டம்ளர் வேண்டவே வேண்டாம். கண்காட்சி முடிந்த மறுநாள் திரும்பி வரும்.

கடைசியாக, ஆஸ்பத்திரியில் இந்தச் சொல். பிறந்த குழந்தையைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால், சில சமயம் கீழ்ப்பாதி சிவந்து மேல்பாதி வெளுத்து, நடுவில் கோடு கிழித்தாற்போல் தெரியும். இதை ஹார்லெக்வின் நிறமாற்றம் என்பார்கள். சில நிமிடங்களில் தானே மறையும், ஆபத்தில்லை. ஹார்லெக்வின் இக்தியோசிஸ் அப்படியல்ல. தோல் கனத்த தட்டுகளாக வெடித்து, அந்த வெடிப்புகள் கோமாளிச் சட்டையின் கட்டங்களை நினைவூட்டியதால் வந்த பெயர். ஏபிசிஏ12 என்ற மரபணுவில் பிழை. தாய் தந்தை இருவரிடமும் அந்தப் பிழை இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டும்போது இருவரும் ஒரே பிழையைச் சுமந்திருக்க வாய்ப்பு கூடுகிறது. குடும்பத்தில் இப்படி ஒரு பிறப்பு நடந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு முன் மரபியல் ஆலோசனை கேளுங்கள். இந்த நோய்க்குக் கண்காட்சியில் படம் இல்லை, அட்டை மட்டும்தான். அதில் ‘கோமாளி’ என்ற சொல் எங்கும் வராமல் பிள்ளைகள் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம்; வீட்டில் எழுதிப் பார்க்கும்போது நீங்களும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்