மழைக்காலம்: வண்டியில் ஒரு பை இருக்கட்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டது. இனி மார்கழி வரை ஏற்காட்டில் எப்போது மழை பிடிக்கும், எப்போது மூடுபனி இறங்கும் என்று சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் நம் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வளவு பெரிய மழைகூட வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் ஒரு சில்வர் ஓக் மரம் சாய்ந்தால் போதும், மேலே இருப்பவர் மேலேயே, கீழே இருப்பவர் கீழேயே.

சில ஆண்டுகளுக்கு முன், சேலத்தில் ஒரு போட்டி முடிந்து இரண்டு மாணவிகளுடன் என் காரில் மலையேறும்போது அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். நான்கு மணி நேரம். டார்ச்சை எடுத்தேன், எரியவில்லை. மூடியைத் திறந்தால் பேட்டரி கசிந்து ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருந்தது. செல்போன் வெளிச்சத்திலேயே உட்கார்ந்திருந்ததில் சார்ஜும் தீர்ந்தது. பிள்ளைகளின் வீட்டு எண்கள் அந்தப் போனுக்குள்தான் இருந்தன. நனைந்த சீருடையில் சின்னவளுக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. பின்னால் நின்ற பிக்கப் வண்டிக்காரர் ஒரு கம்பளியும் நான்கு பன்னும் தந்தார். அவர் இல்லையென்றால் அந்த இரவை எப்படிக் கழித்திருப்போம் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

அதனால்தான் கேட்கிறேன்: வண்டியில் ஒரு பை வையுங்கள். ஒரு போர்வை, பிள்ளைக்கு ஒரு மாற்றுடை, துண்டு, குடிக்கத் தண்ணீர், கடலை மிட்டாய். டார்ச்சும் பேட்டரியும் தனித்தனியாக. முதலுதவிப் பெட்டி, பவர் பேங்க். முக்கியமான எண்களை ஒரு அட்டையில் எழுதி வையுங்கள். 108, 112 இரண்டும் பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் இன்ஹேலரை வண்டியிலேயே போட்டு வைக்காதீர்கள், வெயிலில் கெட்டுப்போகும். புத்தகப் பையில் இருக்கட்டும்.

நம் பெற்றோரில் பாதிப்பேருக்கு மேல் பைக்கில்தான் வருகிறீர்கள். சீட்டுக்கு அடியிலோ பக்கப் பெட்டியிலோ ஒரு பாலித்தீன் கவரில் பிள்ளை அளவு ரெயின்கோட்டும் டார்ச்சும் அடங்கிவிடும். பெரியவர் கோட்டைப் பிள்ளைக்குப் போர்த்தாதீர்கள், நுனி சக்கரத்தில் சிக்கும்.

கார் வைத்திருப்பவர்கள் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு மரக்கட்டை வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டோரக் கல்லை வைத்தால், கிளம்பும்போது அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். இருட்டில் அடுத்து வரும் பைக்குக்கு அதுவே எமன். நிற்கும்போது கண்ணாடியை முழுக்க ஏற்றி, என்ஜினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உள்ளே சேர்ந்தால் வாசனைகூடத் தெரியாது.

மழை வலுத்தால் பிள்ளையைக் கூட்டிவர வேண்டுமே என்று பதறி மலையேறாதீர்கள். அடிவாரத்திலேயே நில்லுங்கள். நீங்கள் வந்து சேரும்வரை, இரவானாலும், ஆசிரியர் ஒருவர் உங்கள் பிள்ளையுடன் பள்ளியில் இருப்பார், சாப்பாடும் தருவோம். நீங்கள் வர முடியாத நாளில் பிள்ளையை யாரிடம் அனுப்பலாம் என்று மலைமேல் வசிக்கும் ஒருவரின் பெயரையும் எண்ணையும் கையேட்டில் எழுதி, கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்