விற்ற சட்டையின் டேக்கைக் கடையிலேயே முடக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு துணிக்கடையில் ஸ்டாக் எடுக்கும் வேலை பார்க்கிறேன். துணிகளில் இப்போது ரேடியோ டேக் (RFID) வைக்கிறார்கள். ரேடியோ அலை வழியே தன் எண்ணைச் சொல்லும் சின்னச் சில்லு அது. அதைப் படிக்கும் கருவியான ரீடர் தினமும் என் கையில்தான் இருக்கிறது. துணி வாங்குபவர்களுக்கு இந்த டேக்கைப் பற்றி யாரும் சொல்வதில்லை என்பதால் எழுதுகிறேன்.

விசையை அழுத்திக்கொண்டு சட்டை வரிசையின் ஓரமாக நடந்தால் போதும். எதையும் தொட வேண்டாம், மடிப்பைப் பிரிக்க வேண்டாம். அடுக்கில் இருப்பதெல்லாம் திரையில் எண்களாக ஏறிக்கொண்டே போகும். முன்பு கடையைச் சாத்திவிட்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எண்ணுவோம். அந்தப் பாடு இப்போது இல்லை, அதில் எனக்கு நிம்மதிதான்.

ஆனால் ஒருநாள் இருப்புக் கணக்கில் இல்லாத ஓர் எண் திரையில் வந்தது. பார்த்தால், ஏற்கெனவே விற்றுப்போன சட்டை. அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் அடுத்த வரிசையில் பேன்ட் பார்த்துக்கொண்டிருந்தார். டேக் உள்தையலில் இருந்திருக்கிறது. பில்லில் அவருடைய போன் எண்ணும் இருந்தது. அன்றைக்கு அவர் வேறு என்னென்ன வாங்கினார் என்பதை அங்கேயே நின்று பார்த்திருக்க முடியும். நான் பார்க்கவில்லை. ஆனால் பார்க்க விடாமல் தடுக்க அங்கே எதுவும் இல்லை.

பார்கோடு 'இது இன்ன ரகச் சட்டை' என்று மட்டும்தான் சொல்லும். இந்த டேக்கிலோ ஒவ்வொரு சட்டைக்கும் தனி எண், பெரும்பாலும் 96 பிட் நீளம். பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் அலையிலேயே சக்தி எடுத்துக்கொண்டு, சில மீட்டர் தள்ளியிருந்தாலும் பைக்குள் இருந்தாலும் பதில் சொல்லிவிடும். கேட்பது யாருடைய ரீடர் என்று சாதாரண டேக் பார்ப்பதில்லை. அதில் நம் பெயர் இல்லை என்று நிர்வாகத்தில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பில்லோடு சேர்ந்துவிட்டால் அந்த எண்ணே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பில் கையில் இல்லாத வேறொரு கடைக்கும்கூட, போன வாரம் வந்த அதே ஆள் இன்றும் வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

இது புதிய கவலை அல்ல. 2003-இல் இத்தாலிய ஆடை நிறுவனமான பெனட்டனின் துணிகளில் இந்தச் சில்லு வரப்போகிறது என்ற செய்தி வந்ததுமே புறக்கணிப்புக் குரல் எழுந்தது. அப்படி முடிவு எதுவும் எடுக்கவில்லை என்று நிறுவனம் சொல்ல வேண்டியதாயிற்று. ஜெர்மனியில் மெட்ரோ என்ற சில்லறை விற்பனை நிறுவனம் வாடிக்கையாளர் அட்டைக்குள்ளேயே சில்லு வைத்திருந்தது தெரியவந்து, 2004-இல் எதிர்ப்புக்குப் பிறகு அந்த அட்டைகளைத் திரும்பப் பெற்றது. வாங்குபவர் சம்மதிக்காவிட்டால் பில் போடும் இடத்திலேயே, கட்டணமில்லாமல் டேக்கைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2009-இல் பரிந்துரைத்தது. தனியுரிமைக்கு ஆபத்து இல்லை என்று கடை முன்கூட்டியே ஆராய்ந்து உறுதி செய்திருந்தால் மட்டும் விலக்கு உண்டு. பரிந்துரைதான், சட்டம் இல்லை.

வழியும் கையில் இருக்கிறது. கடைகளில் பரவலாக இருக்கும் ஜென்-2 வகை டேக்குகளில் நிரந்தரமாக முடக்கும் கட்டளை தரநிலையிலேயே உண்டு. ஆனால் அதற்கான கடவுச்சொல்லை டேக்கில் முன்பே எழுதியிருக்க வேண்டும். அதைப் பூஜ்யமாகவே விட்டால் கட்டளை பலிக்காது. கவுன்டரில் உள்ளவர் மனசு வைத்தால்கூட ஒன்றும் செய்ய முடியாது.

துணியைத் திருப்பிக் கொடுக்க வந்தால் டேக் வேண்டுமே என்பார்கள். பில்லும் பார்கோடும் அதற்குப் போதும். டேக் உயிரோடு இருக்கட்டும் என்று நினைப்பவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். கேட்காதவருக்கு முடக்கித்தான் கொடுக்க வேண்டும், முடக்கியதைப் பில்லிலும் அச்சிட வேண்டும். இதைச் சட்டமாகவே கொண்டுவர வேண்டும் என்பது என் கோரிக்கை.

அதற்கு நாளாகும் என்றால், உள்தையலில் வைப்பதையாவது இப்போதே நிறுத்தட்டும். விலைச்சீட்டில் இருந்தால் வீட்டுக்குப் போனதும் கத்தரித்து எறிந்துவிடலாம். தையலுக்குள் இருப்பதை 'அணியும் முன் வெட்டி எடுக்கவும்' என்று பொடி எழுத்தில் அச்சடித்தால் யார் கண்ணில் படும்?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத துணிக்கடை ஊழியர்